காது மிசின் கடையில் ஒரு சொல் பட்ட பாடு

காது மந்தமானவர்களிடம் சத்தத்தைப் பற்றிக் கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்குவதுதான் என் தொழில். கல்முனை பிரதான வீதியில் மருந்து விற்கும் ஒரு பாமசிக்கு மேல்மாடியில் எங்கள் கடை இருக்கிறது. பெயர்ப்பலகையில் நீளமாக ஏதோ எழுதியிருக்கிறது. ஊர் வைத்த பெயர் காது மிசின் கடை. காதைப் பரிசோதிப்பதும், மிசினை மாட்டுவதும், கொம்பியூட்டரில் கோர்த்து அதைத் திருத்துவதும் நான். வாசல் மேசையில் இருந்து ஆட்களை வரவேற்பதும், நம்பர் கொடுப்பதும், என்னைத் திருத்துவதும் பாண்டிருப்பு யோகா அக்கா. வங்கியிலோ அரசாங்கக் கச்சேரியிலோ ஆஸ்பத்திரியிலோ வேலை பார்த்து, கையில் ஆங்கிலப் படிவமும் எதிரில் தமிழ் மனிதருமாக ஒருநாளாவது விழித்தவராக நீங்கள் இருந்தால், மேலே வாசியுங்கள். உங்களுக்கும் எனக்கும் ஒரே வருத்தம்தான்.

நாலாம் கேள்வி

மிசின் மாட்டி ஒரு கிழமைக்குப் பிறகு ஆளைத் திரும்பக் கூப்பிட்டு, கொழும்புத் தலைமைக் கந்தோர் அனுப்பும் படிவத்தை நிரப்ப வேண்டும். பத்துக் கேள்விகள், எல்லாம் ஆங்கிலம். ஒன்பது கேள்விகள் ஒரு கரைச்சலும் தராதவை. நாலாவதுதான் என்னைப் பிடித்து ஆட்டியது. பெரிய சத்தங்கள் உங்களுக்கு 'ரோக்கஸ்' (raucous) ஆகக் கேட்கின்றனவா? ஓம் என்றால் மிசினை ஒரு விதமாகத் திருத்த வேண்டும், இல்லை என்றால் வேறு விதமாக. ஆகவே அந்தச் சொல் பிழைத்தால் மிசின் பிழைக்கும், மிசின் பிழைத்தால் அந்த மனிதருடைய நாளெல்லாம் பிழைக்கும். பயிற்சிக்குப் போன இடத்தில் அந்தச் சொல்லை எல்லோரும் சர்வசாதாரணமாகப் பாவித்தார்கள். கையை உயர்த்தி அர்த்தம் கேட்க எனக்கு வெட்கம். கடைக்கு வந்தபிறகு யோகா அக்காவிடம் கேட்டேன். "ரோகமா? அதுக்குத்தானே தங்கச்சி இங்க வாறாங்க" என்றார்.

வீட்டில் இருந்த தடித்த அகராதியைப் பார்த்தேன். கரகரப்பான, கர்ணகடூரமான என்று போட்டிருந்தது. இரண்டாவது சொல் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. கர்ணம் என்றால் காது, காதுக்குக் கொடுமையானது. எங்கள் தொழிலுக்கென்றே செய்துவைத்த சொல்போல இருந்தது. அதை நாலைந்து தரம் சொல்லிப் பழகிக்கொண்டு மறுநாள் காலையிலேயே கடையைத் திறந்தேன்.

முதலில் வந்தவர் நற்பிட்டிமுனை ஆதம்பாவா மாமா. எழுபது வயது, இன்னும் வேளாண்மை செய்கிறவர். வரம்பு வெட்டிய கையைக் கழுவிவிட்டு நேரே வந்திருந்தார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வோர் எழுத்தாக உச்சரித்து, "மாமா, பெரிய சத்தம் வரக்குள்ள கர்ணகடூரமா இரிக்கா?" என்று கேட்டேன். அவர் யோகா அக்காவைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பிறகு மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "அவர் எந்த ஊர், மகள்? நமக்குப் பழக்கமில்லாத ஆளாக் கிடக்கு."

ஓம் என்ற ஒலுவில்காரர்

அகராதியை மூடி வைத்துவிட்டு, எளிமையாகக் கேட்பது என்று முடிவெடுத்தேன். சத்தம் கூடவா, அதிகமாகக் கேட்கிறதா? எல்லோருக்கும் விளங்கியது, எல்லோரும் ஓம் என்றார்கள். நானும் குறைத்துக்கொடுத்தேன். இவ்வளவு லேசான விஷயத்துக்கா இத்தனை நாள் மண்டையை உடைத்தேன் என்று எனக்கே சிரிப்பு வந்தது.

அப்படிக் குறைத்துக்கொடுத்தவர்களில் ஒருவர் உதுமாலெப்பை காக்கா. எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அண்ணன் காக்கா, அக்கா ராத்தா. ஒலுவில் துறைமுகத்தில் இரண்டு படகுகள் வைத்திருக்கிறார். கடலுக்கு இப்போது போவதில்லை. கரையில் நின்று மீன் இறக்குவதைப் பார்த்துக்கொள்வார். முதல் தரம் குறைத்தேன். அடுத்த கிழமை வந்து இன்னும் ஒரு மாதிரியாக இருக்கிறது என்றார், இன்னும் குறைத்தேன். மூன்றாம் தரம் அவர் தனியாக வரவில்லை, மனைவியும் வந்தார். வந்து உட்காரும் முன்னரே மனைவி செய்தியைச் சொன்னார். ஐஸ் ஏற்றி வந்த லொறி துறைமுகத்தில் பின்னுக்கு வந்திருக்கிறது. டிரைவர் ஹோர்ன் அடித்திருக்கிறார், ஆட்கள் கத்தியிருக்கிறார்கள். இவர் காதில் மிசினைப் போட்டுக்கொண்டு, கடலைப் பார்த்தபடி நின்றிருக்கிறார். வலை தைத்துக்கொண்டிருந்த ஒருவர் பாய்ந்து இவர் போட்டிருந்த சேட்டைப் பிடித்து இழுத்ததில் சேட்டுத்தான் கிழிந்தது.

நான் மன்னிப்புக் கேட்டேன். கண் கலங்கிவிட்டது. காக்கா பதறாமல் இருந்தார். "காக்கா, சத்தம் கூட எண்டுதானே நீங்க சொன்னீங்க" என்றேன். "ஓம், கூடத்தான். கடலும் கூடத்தான், தங்கச்சி. அதக் குறைக்கச் சொல்லி நான் ஆரிட்டயும் கேக்கல்லியே" என்றார். பிறகு ஐந்து விரலையும் பூனைபோல வளைத்து, தன் காதோரத்தில் மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினார். என் உடம்பில் மயிர் கூச்செறிந்தது. பல மாதமாக நான் தேடிய அர்த்தம் அந்தக் கையில் இருந்தது. மொத்தச் சத்தத்தையும் குறைப்பது ஒரு வேலை. கூரான சத்தத்தின் முனையை மட்டும் மழுக்குவது வேறு வேலை. நான் இத்தனை நாளும் முதலாவதைச் செய்துகொண்டிருந்தேன். உடனே கொம்பியூட்டரில் கோர்த்து, குறைத்ததையெல்லாம் திருப்பி ஏற்றி, முனையை மட்டும் மழுக்கினேன். கீழே வீதியில் போன பஸ் ஹோர்ன் அடித்தது. அவர் யன்னலைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது சரி. சத்தம் கூடினாக் காரியமில்ல தங்கச்சி, பிறாண்டப் படாது."

சட்டிச் சத்தம்

அன்றிலிருந்து நாலாம் கேள்வி எங்கள் கடையில் 'பிறாண்டுதா?' என்று மாறியது. கேட்டவுடன் ஆட்களுக்குக் கதவு திறந்ததுபோல ஆகிவிடும். சொப்பிங் பேக்கைக் கசக்கினால் பிறாண்டுது, கதவுத் திறப்புக் கோர்வை குலுங்கினால் பிறாண்டுது, தேங்காய் திருவினால் பிறாண்டுது. அதே ஆட்களே முச்சக்கரவண்டி பிறாண்டவில்லை, மழை பிறாண்டவில்லை என்றும் சொன்னார்கள். நான் ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினேன். வேலைக்குப் போவதற்கு இரவெல்லாம் துடிப்பாக இருந்த காலம் அதுதான்.

சாய்ந்தமருது சுலைகா மாமியை மகள் பரீனா கூட்டிவந்தார். எங்கள் பக்கத்தில் மகள் வீட்டில்தான் உம்மா இருப்பது வழக்கம். மாமிக்கு எட்டு வருடமாகக் காது கேட்காது. மிசின் போட்டு ஒரு கிழமை. கேள்வியைக் கேட்டதும் மாமி என்னைப் பார்த்து உடனே சொன்னார், "குசினிக்குள்ள சட்டி வைக்கிற சத்தம் மகள். அது பிறாண்டுறது இல்ல, அறையிது." பரீனாவின் முகம் சிவந்துபோயிற்று. மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக, "உம்மாக்குக் கேக்காது எண்டுதான்..." என்று தொடங்கி நிறுத்தினார். எட்டு வருடமாக வேலை, பிள்ளைகள், உம்மாவுக்கு எதையும் நாலு தரம் சொல்ல வேண்டிய அலுப்பு எல்லாவற்றையும் அவர் சட்டிகளிடம் காட்டியிருக்கிறார். ஒருவரையும் ஏசவில்லை. கேட்காதவருக்கு முன்னால் சட்டியை ஓங்கி வைப்பதில் யாருக்கு என்ன நட்டம் என்று நினைத்திருக்கிறார்.

நான் என் வேலையைச் செய்வோம் என்று, "அந்தச் சத்தத்த மட்டும் கொஞ்சம் மழுக்கி விடட்டா மாமி?" என்று வயரை எடுத்தேன். மாமி மிசினைக் கையால் பொத்திக்கொண்டார். பரீனாவின் முதுகில் மற்றக் கையை வைத்தார். "வேணாம் மகள், இரிக்கட்டும். இவ என்னோட கோவமா இரிக்கா எண்டு இப்பதானே எனக்கு விளங்கிச்சு. இனித்தானே சமாதானமாக ஏலும்."

அறுகம்பேக் காகங்கள்

அந்த ஆங்கிலச் சொல்லை ஏற்கெனவே அறிந்த ஒரு வாடிக்கையாளர் வருவார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. பொத்துவில் ஜௌபர் காக்கா அறுகம்பேயில் நாலு அறையுள்ள ஒரு தங்குமிடம் நடத்துகிறார். அலையில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்கள் தங்கும் இடம். மிசின் மாட்ட வந்த அன்றே, மேசையில் கிடந்த படிவத்தைக் கண்டதும் விரலை நேரே நாலாம் கேள்வியில் வைத்தார். "இந்தச் சொல் எனக்குத் தெரியும். என்ட இடத்தப் பத்தி இன்டர்நெட்டுல எழுதியிரிக்காங்க." நான் கதிரையை இழுத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். யோகா அக்காவும் மேசையை விட்டு எழுந்து வந்துவிட்டார்.

அவர் போனை எடுத்துக் காட்டினார். ஒரு பெண் எழுதியிருந்தார்: விடிந்ததும் கூரையில் ரோக்கஸ் காகங்கள், நித்திரை இல்லை. ஐந்து நட்சத்திரத்தில் மூன்றுதான் தந்திருந்தார். ஜௌபர் காக்கா அதை ஒரு காகச் சாதியின் பெயர் என்று நினைத்து, பறவை பார்க்க வந்த அடுத்த வெள்ளைக்காரரிடம் எங்களிடம் ரோக்கஸ் காகம் இருக்கிறது என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறிவிட்டதாம். அதற்குக் கீழே வேறொருவர் எழுதியிருந்ததையும் பார்த்தேன். கடைசி இரவு எல்லோரும் சேர்ந்து மீன் சுட்டுச் சாப்பிட்டோம், ரோக்கஸ் சிரிப்பு, மறக்கவே முடியாது, ஐந்துக்கு ஐந்து. ஒரே சொல். ஒருவர் அதைச் சொல்லி நட்சத்திரத்தைக் குறைக்கிறார், மற்றவர் அதையே சொல்லி முழுவதையும் கொடுக்கிறார். அடங்காமல், தொண்டை கிழிய, கரகரவென்று வருகிற சத்தம் எல்லாம் அந்தச் சொல்லுக்குள் அடங்கும்போல. அதை ரசிப்பதும் ரசிக்காததும் கேட்கிறவரின் பாடு. அன்று பின்னேரம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மிசினை மாட்டிவிட்டு யன்னலைத் திறந்தேன். மீன் சந்தைப் பக்கத்துக் கம்பிகளில் நாற்பது ஐம்பது காகங்கள் குந்தியிருந்து ஒன்றையொன்று ஏசிக்கொண்டிருந்தன. நான் என் காதைப் பொத்தினேன். ஜௌபர் காக்கா யன்னலில் இரண்டு கையையும் ஊன்றி, அசையாமல் நின்றார். தனது கூரையில் ஒவ்வொரு விடியலிலும் நடந்ததெல்லாம் இதுதான் என்று இப்போதுதான் அவருக்குத் தெரிகிறது. வெகுநேரம் கேட்டுவிட்டுத் திரும்பினார். "இதுக்கா அந்த மனிசி ரெண்டு நட்சத்திரத்தக் குறைச்சா? நான் இது இல்லாம எத்தின வருசம் இரிந்திட்டன்."

கொழும்பிலிருந்து வந்த சேர்

ஒருநாள் தலைமைக் கந்தோரிலிருந்து மேற்பார்வையாளர் வந்தார், நாங்கள் சேர் என்று கூப்பிடுவோம். கொழும்புத் தமிழர், நல்ல மனிதர், ஆனால் சிரிக்காதவர். மற்ற ஊர்க் கடைகளில் நாலாம் கேள்விக்கு அநேகமாக எல்லோருமே ஓம் என்கிறார்கள், கல்முனையில் மட்டும் பாதிப் பேர் இல்லை என்கிறார்கள், ஏன் என்று கேட்டார். ஆட்களைக் கேட்காமல் பதிலை நாங்களே நிரப்புகிறோம் என்று சந்தேகம். நான் கொப்பியைக் காட்டினேன். "படிவத்தில இருக்கிறத மட்டும் கேளுங்க மிஸ்" என்றார். பிறாண்டுதா என்பதெல்லாம் ஒரு கேள்வியா என்றார். வேலை போகப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். யோகா அக்கா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நின்றார்.

அந்த நேரத்தில் காரைதீவிலிருந்து எட்டு வயது நிலாவும் அவள் அம்மாவும் வந்தார்கள். பிறந்ததிலிருந்தே காது மிகவும் மந்தம். புது மிசின் போட்டு ஒரு கிழமை. நிலாவுக்குக் கதைக்கத் தெரிந்த சொற்கள் கொஞ்சம்தான். பிறாண்டுதா என்று அவளிடம் கேட்கவும் முடியாது, படிவத்தில் உள்ளபடி கேட்கவும் முடியாது. சேர் என்னைப் பார்த்தார், எப்படிக் கேட்கப்போகிறாய் என்பதுபோல. நான் ஒரு தாளையும் பென்சிலையும் அவளுக்கு முன்னால் வைத்தேன். மெதுவாக "ஆஆ" என்று சொல்லி, தாளில் ஒரு நீண்ட வளைகோடு போட்டுக் காட்டினேன். அவளுக்கு விளையாட்டு உடனே விளங்கிவிட்டது. மின்விசிறிக்குச் சின்னச் சின்னப் புள்ளி வைத்தாள். அவள் அம்மா கூப்பிட்டதற்கு ஒரு வட்டம். பிறகு யோகா அக்கா எவர்சில்வர்த் தட்டில் கரண்டியைப் போட்டார். நிலா முகத்தைச் சுளித்தாள். பென்சிலை முஷ்டியில் இறுக்கிப் பிடித்து மேலும் கீழுமாக இழுத்தாள், இழுத்தாள், தாள் கிழியும்வரை இழுத்தாள்.

நான் கொம்பியூட்டருக்கு ஓடிப்போய் மிசினில் கூரான சத்தத்தின் முனையை ஒரு படி மழுக்கினேன். கரண்டி விழுந்தது, கோடு கொஞ்சம் சாந்தமாகியது. இன்னொரு படி. ஐந்தாம் தரம் கரண்டி விழுந்தபோது அவள் முகம் சுளிக்கவில்லை. சாதாரணமாக ஒரு மலையும் ஒரு பள்ளமும் வரைந்துவிட்டு, இன்னும் போடுங்கள் என்பதுபோல யோகா அக்காவைப் பார்த்தாள். அவள் அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஒரு கிழமையாகப் பிள்ளை சாப்பாட்டு நேரம் மிசினைக் கழற்றி எறிந்துகொண்டிருந்ததாம், கரண்டிதான் காரணம் என்று இப்போதுதான் தெரிகிறது. சேர் தேநீரைத் தொடவே இல்லை. கிழிந்த தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "இந்த நாலாம் கேள்விய எழுதினவருக்கு இந்தப் பிள்ளைய ஒருக்காக் காட்ட வேணும், மிஸ்."

குரவை

தாஹிராவுக்கு முப்பத்தெட்டு வயது. ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு கடும் காய்ச்சல் காதுக் கேள்வியை அப்படியே கொண்டுபோய்விட்டது. அதிலிருந்து அவர் ஒரு கலியாண வீட்டுக்கும் போகவில்லை. போனால் ஆட்கள் காதுக்குள் வந்து கத்துவார்கள், பாவம் என்று வாயசைப்பார்கள். வாயசைப்பு அவருக்கு நன்றாக விளங்கும். மிசின் போட்டு மூன்று கிழமையில் சொந்தத் தங்கைக்குக் கலியாணம். போகாமல் இருக்க முடியாது. என்னையும் யோகா அக்காவையும் கையோடு வரச்சொன்னார்.

உண்மையைச் சொன்னால் நான் பயந்தேன். கலியாண வீடு எந்தக் காது மிசினுக்கும் ஆகாத இடம். ஸ்பீக்கர், பிள்ளைகள், ஜெனரேட்டர், முந்நூறு பேர் ஒரே நேரத்தில் கதைப்பது. நன்றாகக் கேட்கும் காதே திணறும். அதனால் மிசினில் இரண்டு பட்டனையும் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். மேல் பட்டன் சத்தத்தை ஏற்றும், கீழ்ப் பட்டனை அழுத்தினால் எல்லாம் அடங்கிவிடும், தாங்க முடியாவிட்டால் யோசிக்காமல் அழுத்துங்கள் என்று மூன்று தரம் சொன்னேன்.

மாப்பிள்ளை உள்ளே வந்த நேரம் நாங்கள் பெண்கள் பக்கத்தில் நின்றோம். மணப்பெண்ணின் மாமிமார் ஏழெட்டுப் பேர் ஒன்றாக நாக்கைச் சுழற்றிக் குரவையிட்டார்கள். தகரக் கூரைக்குக் கீழே அந்தச் சத்தம் போக இடமில்லாமல் சுற்றிச் சுற்றி வந்தது. யோகா அக்கா கண்ணை மூடிக்கொண்டார். எனக்கே காது கூசியது. தாஹிராவைப் பார்த்தேன், அவர் கை காதுக்குப் போயிருந்தது, முகம் முழுக்கக் கண்ணீர். நான் ஆட்களை விலக்கிக்கொண்டு ஓடினேன். "கீழ்ப் பட்டன், தாஹிரா, கீழ்ப் பட்டன்" என்று அவர் முன்னால் நின்று சொன்னேன். அவர் விரல் மேல் பட்டனில் இருந்தது. அழுத்திக்கொண்டே இருந்தார். இன்னும் ஏற்ற இடமில்லை என்று மிசின் உள்ளே பீப் அடித்திருக்கும், அதையும் கேட்டிருப்பார். என் கையைப் பிடித்து, குரவைக்கு மேலால் எனக்குக் கேட்கும்படி கத்தினார்: "பிறாண்டத்தான் செய்யுது ராத்தா. பிறாண்டட்டும். ஆறு வருசமாச் சும்மா கிடந்த காதுதானே."

இத்தனைக்கும் பிறகு என் முடிவான அபிப்பிராயம், அகராதி எழுதியவர்களில் ஒருவராவது ஆட்கள் காத்திருக்கும் எங்கள் கடை வாங்கில் ஒரு கிழமை உட்கார்ந்திருந்தால் புத்தகம் இன்னும் கொஞ்சம் தடித்திருக்கும் என்பதுதான்.